நான் கொண்டம்மா வாரேன்

கொண்டம்மாள் போய்ச் சேர்ந்த அன்று சூலூர்க் கடைவீதியில் பாதிக் கடைகளைச் சாத்திவிட்டார்கள். கனகத்துக்கு முதலில் பொறுக்காமல் போனது அதுதான். அவளுடைய வீட்டுக்காரர் அந்த வீதியிலேயே முதன்முதலாகத் தறி ஷெட் போட்டவர். நாலு பேருக்கு வேலை கொடுத்தவர். அவர் போன அன்று எதிர்த்த டீக்கடையில் ரேடியோவைக்கூட நிறுத்தவில்லை. இவளுக்கு மட்டும் என்னவாம்?

அது தொண்ணூற்றாறாம் வருஷத்து மார்கழி. வெளியே பனி இன்னும் விலகாத நேரத்தில் வாசல் நிறைய ஜனம். ஐஸ் பெட்டிக்குள் கொண்டம்மாளைக் கிடத்தியிருந்தார்கள். கண்ணாஸ்பத்திரிக்காரர்கள் வந்து அவள் எழுதிக்கொடுத்தபடி கண்ணை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். அதை ஒவ்வொருத்தரும் அடுத்தவருக்குச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்கள். செத்த பிறகும் இவளுக்குப் பேர் சேருகிறதே என்று கனகத்துக்கு வயிறு எரிந்தது.

"பெரிய அவ்வா, கிட்ட வந்து பாத்துக்குங்க" என்று கொண்டம்மாளின் பேத்தி பிந்து கையைப் பிடித்து இழுத்தாள். கனகம் கண்ணாடிமேல் குனிந்தாள். வெள்ளையாக ஏதோ இருந்தது. அதற்குமேல் மஞ்சளாக ஏதோ. அவ்வளவுதான். முகம் எங்கே, மூக்கு எங்கே, ஒன்றும் பிடிபடவில்லை. இந்த முகத்தைக் கடைசியாகத் தெளிவாகப் பார்த்தது எந்த வருஷம் என்று யோசித்தாள். அதுவும் பிடிபடவில்லை.

"தூங்கற மாதிரியே இருக்கறா" என்றாள். சாவு வீட்டில் எந்த முகத்துக்கும் பொருந்துகிற வார்த்தை அது. சுற்றி நின்றவர்கள் ஆமாங்க ஆமாங்க என்று அழுதார்கள்.

கனகத்துக்குக் கண் தெரியாது. இரண்டிலும் புரை முற்றிப் போயிருந்தது. இது கனகத்தைத் தவிர யாருக்கும் தெரியாது. அவளும் தெரியவிடாமல்தான் வைத்திருந்தாள். காரணம் ஒன்றே ஒன்றுதான். அந்த ஊரில் புரைக்கு வைத்தியம் என்றால் கொண்டம்மாளின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். கனகம் அந்தக் கயிற்றைச் செத்தாலும் தொடுவதில்லை என்று இருந்தாள்.

இருவரும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டிக்கொண்டு கனகம் முதலில் வந்தாள். இரண்டு வருஷம் கழித்துத் தம்பியைக் கட்டிக்கொண்டு கொண்டம்மாள் வந்தாள். நாயுடு வீடு. வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். கனகத்துக்குக் கோபம் வந்தால் மட்டும் வீட்டுக்குள்ளேயும் தமிழ்தான் வரும். திட்டுவதற்குத் தெலுங்கு போதவில்லை என்பாள். ஆகையால் கொண்டம்மாளிடம் அவள் பெரும்பாலும் தமிழில்தான் பேசினாள்.

வந்த அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. மாமியார் புது மருமகளின் கையால் ரசம் வாங்கிக் குடித்துவிட்டு, "இது ரசம்" என்றாள். இரண்டு வருஷமாகக் கனகம் வைத்ததெல்லாம் அப்போது என்னவாம்? பிறகு கொண்டம்மாளின் புருஷன் சின்ன வயதிலேயே மாரடைப்பில் போய்விட்டான். மகன் திருமலைசாமி அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பையன். அவள் காட்டையும் பார்த்து, கடையும் வைத்து, மகனை ஆளாக்கினாள். பாவம் என்று கனகமும் அழுதாள்தான். ஆனால் ஊரே அவளுக்காக அழுதபோது கனகத்துக்கு அழுகை நின்றுபோயிற்று. புருஷன் உயிரோடு இருப்பவளை யார் கவனிக்கிறார்கள்?

வீட்டைப் பாகம் பிரித்தபோது நடுவில் சுவர் வைத்தார்கள். வாசல் பொது, கிணறு பொது. வாசலிலிருந்து இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கருங்கல் படிகள். இடது பக்கம் கனகம், வலது பக்கம் கொண்டம்மாள்.

கண் கேம்ப் விஷயத்துக்கு வருவோம். அதை நினைத்தால் கனகத்துக்குச் சாப்பாடு இறங்காது. ஊரில் முதல் முகாம் போட்டபோது, கோயமுத்தூரிலிருந்து டாக்டர்கள் வருகிறார்கள், பெரிய வீட்டு அம்மா ஒருத்தர் நின்று பார்த்துக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று ஆட்கள் தேடிக்கொண்டு வந்தது கனகத்தைத்தான். மூத்த மருமகள் அவள். அன்றைக்கென்று கனகம் முறுக்குப் பிழியப் போட்டிருந்தாள். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. "கொண்டம்மா, நீ போய்ச் சித்த நேரம் நின்னுட்டு வா. மோர் ஊத்தற சோலிதான்" என்று அனுப்பிவைத்தாள்.

மோர் ஊற்றப் போனவள் பொழுது சாய்ந்துதான் திரும்பி வந்தாள். வரும்போது டாக்டர் அம்மா அவளைக் காரில் கொண்டுவந்து விட்டாள். அன்றிலிருந்து பத்தொன்பது வருஷம், முகாம் என்றால் கொண்டம்மாள். முறுக்கு என்னவோ நன்றாகத்தான் வந்தது. அதைத் தின்றவர்கள் யாருக்கும் இப்போது ஞாபகம்கூட இருக்காது.

கயிறு அவளே கண்டுபிடித்தது. கண் மங்கிய கிழவன் கிழவிகளை ஆஸ்பத்திரி பஸ்ஸில் ஏற்றி இறக்கும்போது ஒருத்தர் இங்கே, ஒருத்தர் அங்கே என்று தட்டழிவார்கள். உக்கடத்தில் ஒருமுறை ஒரு தாத்தா வேறு பஸ்ஸில் ஏறிப் பாலக்காடு வரைக்கும் போய்விட்டார். மறுமாசமே கொண்டம்மாள் பழைய கிணற்றுக் கயிற்றை எடுத்துக்கொண்டு போனாள். முனையை அவள் பிடித்துக்கொள்வாள். பின்னால் வரிசையாக எல்லாரும் பிடித்துக்கொண்டு வருவார்கள். கருமத்தம்பட்டி, காடாம்பாடி, கலங்கல் என்று எந்த ஊரில் இருந்து வந்தவர்களானாலும் கொண்டம்மாள் கயிறு என்றால் தெரியும். பிடித்தவர்கள் கண்ணோடு திரும்பி வந்தார்கள். கல்யாணப் பத்திரிகை அச்சடித்தால் முதலில் வலது பக்கப் படி ஏறினார்கள். ஆட்டோக்காரன் அவளிடம் காசு வாங்க மாட்டான். கனகம் ஏறினால் மீட்டருக்கு மேலே கேட்பான்.

ஊரோடு விட்டிருந்தால்கூடப் போகட்டும். கனகத்தின் சொந்தப் பேரன் வம்சி, பெங்களூரில் இருப்பவன், மே மாத லீவுக்கு வந்தால் பையை இந்தப் பக்கம் எறிந்துவிட்டு நேராக அந்தப் பக்கம் ஓடுவான். அங்கே கொண்டம்மாள் அவனுக்கும் பிந்துவுக்கும் சேர்த்து எண்ணெய் தேய்த்துவிட்டு, கம்மங்கூழ் கரைத்துக் கொடுத்து, முகாமுக்குக் கூட்டிப்போய் பிஸ்கட் கொடுக்கிற வேலையும் கொடுப்பாள். பிந்துவுக்கு அம்மை போட்டிருந்தபோது மூன்று வாரம் அந்த அறையை விட்டு நகரவில்லை. பிந்து காலேஜ் ஹாஸ்டலில் சேர்ந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமையானால் தூக்குப் போசியில் கோழிக்குழம்போடு பஸ் மாறிப் போய் நிற்பாள். அந்த வயதில்! "பேத்தியோட நிறுத்திக்க வேண்டியதுதானே, என்ற பேரனையும் எதுக்கு வளைச்சுப்போடறா?" என்று கனகம் சுவரிடம் கேட்பாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வம்சியின் சிரிப்புச் சத்தம்தான் வரும்.

இப்படிப்பட்டவளிடம் போய் எனக்குக் கண் மங்குகிறது என்று எப்படிச் சொல்வது? அந்தக் கயிற்றில் எத்தனையாவது ஆளாகவோ நின்று, ஊரார் பார்க்க, அவள் பின்னால் நடப்பதா? கனகம் மறைத்தாள். மறைப்பதில் கெட்டிக்காரியாகவும் ஆனாள். புதுச்சேலையைக் காட்டினால், "கலரு நல்லா எடுப்பா இருக்குது" என்பாள். அரிசியில் கல்லை விரலால் தடவியே எடுத்தாள். ஊசி கோக்க முடியாததற்குக் கைநடுக்கம், பேப்பர் படிக்காததற்கு அரசியல் மேல் வெறுப்பு. தனியாக ஆஸ்பத்திரி போகலாம் என்றால் கூட வர ஒரு ஆள் வேண்டும். கூட வருகிற ஆள் வாசலைத் தாண்டுவதற்குள் கொண்டம்மாளிடம் சொல்லிவிடும்.

கொண்டம்மாளின் இரண்டு பழக்கங்கள் அந்த வருஷங்களில் கனகத்தை இன்னும் எரியவிட்டன. ஒன்று, எப்போது இந்தப் பக்கம் வந்தாலும் வாசலிலேயே ஆரம்பித்துவிடுவாள்: "அக்கா, நான் கொண்டம்மா வாரேன்." அடுக்களைக்கு வந்தாலும், கிணற்றடியில் எதிர்ப்பட்டாலும் அதேதான். தூணுக்குத் தூண் தன் பேரைச் சொல்லிக்கொண்டு வருவாள். கலெக்டர் வந்தால்கூட இப்படி முன்னால் அறிவிக்க மாட்டார்கள். "உன்ற பேரு எனக்குத் தெரியாதா? ஊரு பூராவும் அதுதானே கேக்குது" என்று கனகம் ஒருநாள் கடித்தாள். கொண்டம்மாள் சிரித்தாள். மறுநாளும் அதே மாதிரிதான் வந்தாள்.

இன்னொன்று சுண்ணாம்பு. வெள்ளிக்கிழமை தவறாமல் படிகளின் விளிம்பில் சுண்ணாம்புக் கோடு அடிப்பாள். ஈரம் காயாமல் சேலை ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். "நாங்களெல்லாம் ஊட்டைச் சுத்தமா வெக்கலைன்னு ஊருக்குக் காட்டறியாக்கும்?" என்று கனகம் கேட்டாள். "இருக்கட்டுங்க அக்கா, பாக்கறதுக்கு லட்சணமா இருக்கும்" என்று அவள் பாட்டுக்கு மட்டையை நனைத்து இழுத்துக்கொண்டிருந்தாள். லட்சணம் என்னவோ, அந்த வெள்ளைக் கோடு மட்டும் கனகத்தின் கண்ணுக்கும் மங்கலாகத் தெரிந்தது. அதை வைத்துத்தான் அவள் விழாமல் ஏறி இறங்கினாள். வலது பக்கப் படியில் கால் வைத்து வருஷங்களாகிவிட்டன. கேட்டால், "நான் மூத்தவ. வேணும்னா அவ வரட்டும்" என்பாள்.

காரியமெல்லாம் முடிந்து, தை பிறந்த பிறகு, முகாம் நடத்தும் சங்கத்துத் தம்பிதுரை வந்தான். கல்யாண மண்டபத்தில் நினைவுக் கூட்டமாம்.

"ஏனுங்க பெரியம்மா, படத்துக்கு நீங்கதானுங்க மாலை போடோணும். ஆதியில இருந்து அவங்ககூட இருந்தவங்க நீங்கதானுங்களே."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் சொன்னால் பொறாமை என்பார்கள். அது உண்மையாக இருப்பதால் இன்னும் கஷ்டம். போதாக்குறைக்கு, மேடையில் முதல் ஆளாகத் தன்னைக் கூப்பிடுவது நெஞ்சுக்குள் கொஞ்சம் இனிக்கவும் செய்தது. முறுக்குச் சட்டியால் விட்ட இடம் ஒருநாளைக்காவது திரும்பி வரட்டும்.

கூட்டத்தன்று மேடை ஓரத்தில் நின்றிருந்த தம்பிதுரையிடம் கெட்டிக்காரத்தனமாகக் கேட்டாள்: "படத்தை எந்தப் பக்கம் சாமி வெச்சிருக்கீங்க?"

"இந்தா, வலது பக்கமுங்க" என்று அவன் ஜனங்களைப் பார்த்து நின்றபடி தன் வலது கையை நீட்டினான். கனகத்துக்குக் கை தெரியவில்லை, வார்த்தை மட்டும் கேட்டது.

ஒவ்வொருத்தராக எழுந்து பேசினார்கள். கொண்டம்மா இல்லையென்றால் எனக்குக் கண் இல்லை, கொண்டம்மா இல்லையென்றால் என் தாய்க்குக் கண் இல்லை. கனகம் முன்வரிசையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளைக் கூப்பிட்டார்கள். பிந்து கையில் மாலையைக் கொடுத்துப் படியேற்றிவிட்டாள். கனகம் நிமிர்ந்து, யார் துணையும் இல்லாமல், மேடையின் பின்சுவரைப் பார்த்து நடந்தாள். வலது பக்கம் திரும்பினாள். சட்டம் கையில் தட்டியது. மாலையை எடுத்து நிதானமாகப் போட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டாள்.

பிறகு பின்வரிசையில் ஏதோ ஒரு பொடிசு பக்கென்று சிரித்தது.

அது மண்டபம் கட்டியவரின் அப்பா படம். தலைப்பாகையும் முறுக்கு மீசையுமாக, எல்லாக் கல்யாணத்துக்கும் அந்த மூலையில் இருக்கிறவர். கொண்டம்மாள் இடது பக்கம், மாலையில்லாமல் இருந்தாள்.

"அடக் கெரகமே, அம்மணிக்குக் கண்ணு தெரியலீங்க!" என்று கீழேயிருந்து ஒரு குரல் கத்தியது. கருமத்தம்பட்டி மயிலாத்தாள். கயிற்றைப் பிடித்துப் போய்க் கண் வாங்கி வந்தவள். அவள் மேடையேறி வந்து கனகத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வெக்கப்படாதீங்க அம்மணி. நானும் இப்படித்தானுங்க, மருமவன்னு நெனச்சு கரண்டு கம்பத்துக்கிட்டப் பேசிட்டு இருந்தேன். கொண்டம்மா மட்டும் இல்லீன்னா..."

இங்கேயும் அவள் பேர்தான். இத்தனை வருஷம் காத்ததெல்லாம் ஒரு மாலையில் போயிற்று. அதுவும் கொண்டம்மாளின் கூட்டத்தில்!

அன்று பொழுது சாய்ந்ததும் பெங்களூருக்குப் போன் போட்டார்கள். கனகத்தின் மகன், வம்சிக்குப் பரீட்சை முடியட்டும், லீவில் பார்க்கலாம் என்றான். பிந்து போனை வைத்துவிட்டுச் சொன்னாள்: "திங்கக்கிழமை கேம்ப் பஸ் வருதுங்க பெரிய அவ்வா. நான் வாரேன் கூட."

"கயிறு நான் பிடிக்க மாட்டேன்."

"பிடிக்க வேண்டாம். விழுந்து கைகாலை ஒடிச்சுக்குங்க."

பேச்சைப் பார், அப்படியே அவள் அவ்வா மாதிரி என்று கனகம் முணுமுணுத்தாள். ஆனால் திங்கட்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கியதும் சுற்றிலும் ஹாரன் சத்தமும் ஆள் நெரிசலுமாக இருந்தது. கால் வைக்க இடம் தெரியவில்லை. அந்தரத்தில் நீண்ட கையில் கயிறு வந்து உட்கார்ந்தது. கனகம் விடவில்லை. கை பட்டுப் பட்டு வழவழவென்று தேய்ந்திருந்த கயிறு அது. முன்னால் பிந்து நடந்தாள். கனகம் எத்தனையாவது ஆளாகவோ, ஊரார் பார்க்க, நடந்தாள். யாரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் அவரவர் கால் பயம்.

கட்டுப் பிரித்த அன்று நர்ஸ் பெண்ணின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கனகம் ரகசியமாகக் கேட்டாள்: "ஏனுங்க கண்ணு, நெசத்தைச் சொல்லு. இது ஆரு கண்ணு? மார்கழியில எடுத்தீங்களே, அந்தக் கண்ணை எனக்கு வெச்சுப்போடலையே?"

நர்ஸ் சிரித்துவிட்டாள். "உங்க கண்ணுதானுங்கம்மா. புரையை எடுத்துட்டு உள்ள சின்னதா லென்ஸ் வெச்சிருக்காங்க. வேற ஆரோடதும் இல்லீங்க."

கனகத்துக்கு நிம்மதியாக இருந்தது. அவள் கண்ணால் உலகத்தைப் பார்க்கிற கொடுமை தனக்கு வேண்டியதில்லை.

ஒரு கண்ணுக்கு மட்டும் புரை எடுத்து, கறுப்புக் கண்ணாடியோடு வீடு வந்து இறங்கினாள். வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். பெயின்ட் உரிந்த கதவு, துருப்பிடித்த தண்ணீர்ப் பைப், தன் கையில் இத்தனை சுருக்கம். பிறகு தன் படிகளைப் பார்த்தாள். ஒவ்வொரு விளிம்பிலும் கட்டியாக, அடுக்கடுக்காகச் சுண்ணாம்புக் கோடு. ஒரு மாசமாகப் புதிதாக அடிக்க ஆள் இல்லாமல் கொஞ்சம் உதிர்ந்திருந்தது.

வலது பக்கம் திரும்பினாள். கொண்டம்மாளின் படிகள் வெறும் கருங்கல்லாக இருந்தன. ஒரு பொட்டுச் சுண்ணாம்பு இல்லை. எந்தக் காலத்திலும் அடித்த தடம்கூட இல்லை.

கனகம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். "பிந்து, உங்க படிக்கு ஏன் கோடு அடிக்கலை?"

"எங்களுக்கு எதுக்குங்க? அவ்வா உங்க பக்கம்தானே அடிப்பாங்க. என்னையும் அடிக்கச் சொல்லுவாங்க, நான் ஹாஸ்டலுக்குப் போறதுக்கு முந்தி."

கனகத்துக்கு அடுத்ததைக் கேட்க வேண்டாம் என்று இருந்தது. கேட்டாள். "உங்கவ்வா உங்க ஊட்டுக்குள்ள வரும்போது என்னன்னு சொல்லீட்டு வருவா?"

"என்ன சொல்லுவாங்க? பேசாம வருவாங்க. திடீர்னு பின்னால வந்து நின்னு பயமுறுத்துவாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்த பிந்து, பெரிய அவ்வாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

வாசல் கல்லில் கனகம் உட்கார்ந்துவிட்டாள். தெரிந்திருக்கிறது. எல்லாம் தெரிந்திருக்கிறது, எத்தனையோ வருஷமாக. "திருட்டு முண்டை" என்று அழுதாள். "தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லலையே. வா அக்கான்னு ஒருவாட்டி கூப்பிடலையே."

"கூப்பிட்டிருந்தா வந்திருப்பீங்களா?"

கனகம் வந்திருக்க மாட்டாள். கூப்பிட்டவளை ஏசி, மறுநாளே படியில் விழுந்து தொலைந்திருப்பாள். அதையும் கொண்டம்மாள் தெரிந்து வைத்திருந்தாள் என்பதுதான் வயிற்றெரிச்சல். ஊருக்கெல்லாம் கயிறு கொடுத்தவள், கனகத்துக்கு மட்டும் கயிறென்று தெரியாமல் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஒருவாட்டியாவது அவளை ஜெயிக்கலாம் என்றால், ஜெயிக்க ஆளும் இல்லை.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பிந்து பிடிக்க வந்த கையைத் தட்டிவிட்டாள். வலது பக்கப் படிகளில் தனியாக ஏறினாள். கதவு திறந்திருந்தது. கூடத்துச் சுவரில் கொண்டம்மாளின் படம். பெரிய நெற்றி, கொஞ்சம் எத்துப்பல், சிரிப்பை அடக்கிக்கொண்ட வாய். இந்த வயதிலும் அழகாகத்தான் இருந்திருக்கிறாள். அதுவும் கனகத்துக்கு எரிச்சலாகவே இருந்தது.

நிலைப்படியில் நின்று, உள்ளே கேட்கிற மாதிரி குரலை உயர்த்திச் சொன்னாள்: "கொண்டம்மா, நான் கனகம் வாரேன்."

பிறகு உள்ளே போனாள்.